கொம்பு முளைத்த தலைக்கவசம்

மூன்று இரும்புக் கட்டி, இரண்டு தோல் வார். ‘ஸ்கைரிம்’ வீடியோ கேமில் கொம்பு வைத்த இரும்புத் தலைக்கவசம் செய்ய இவ்வளவு போதும். உலைக்கு முன்னால் போய் நின்று ஒரு பட்டனை அழுத்தினால், திரையில் இருக்கும் ஆள் நாலு தட்டுத் தட்டுவான். கவசம் பைக்குள் வந்துவிடும். அந்தப் பட்டியலில் கொம்பு கிடையாது. வெறும் கட்டியும் வாரும் சேர்ந்து, மாட்டுக் கொம்பின் சாயலில் இரண்டு எப்படி முளைத்தன என்று விளையாடுகிறவர் கேட்பதில்லை. அதே கவசத்தை நிஜமான எஃகுத் தகட்டில் அடித்துச் செய்யப் புறப்படுகிறவருக்கு எழும் முதல் கேள்வியே அதுதான்.

‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் ஐந்தாவது விளையாட்டு ஸ்கைரிம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ராக்வில் நகரத்தில் இருக்கும் பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸ் உருவாக்கிய அது 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. பனிமலைகள், டிராகன்கள், ‘நார்டு’ என்னும் முரட்டு வடநாட்டு மக்கள் நிறைந்த உலகம் அது. உள்ளே விதவிதமான கவசங்கள் கிடைக்கும். பச்சையாக மின்னும் கண்ணாடிக் கவசம் உண்டு, டிராகன் எலும்பில் செய்த கவசமும் உண்டு. ஆனால் டிரெய்லரிலும் போஸ்டரிலும் நாயகன் அணிந்து வந்தது, ஆரம்பத்திலேயே கையில் கிடைக்கிற மட்டமான இரும்புத் தலைக்கவசம். விளையாட்டைத் தொடாதவர்களுக்குக்கூட அந்த இரண்டு கொம்புகள் பழக்கமாகிவிட்டன. ரசிகர்கள் அதை அட்டையில் செய்தார்கள், ஃபோம் ஷீட்டில் செய்தார்கள், முப்பரிமாண பிரிண்டரில் அச்சிட்டார்கள். மிகச் சிலர் மட்டும் சுத்தியலை எடுத்தார்கள். அந்தச் சிலர் பக்கம்தான் என் மனசு சாய்கிறது. ஏன் என்று சொல்ல, இந்த வடிவம் எங்கிருந்து கிளம்பியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1942-ல் டென்மார்க்கின் ஷேலாந்து தீவில், வெக்ஸோ என்ற ஊருக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில், வெண்கலத்தில் செய்த இரண்டு தலைக்கவசங்கள் கிடைத்தன. நீண்டு வளைந்த கொம்புகள், முன்பக்கத்தில் பறவை அலகு போன்ற மூக்கு, உருண்டை விழிகள். இன்று அவை கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொம்புக்குள் ஒட்டியிருந்த பிர்ச் மரத் தாரை ஆராய்ந்து, அவை கி.மு. 900 வாக்கில் செய்யப்பட்டவை என்று கணித்திருக்கிறார்கள். அதாவது, வைக்கிங்குகள் கப்பலேறுவதற்கு ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முந்தையவை. அடுத்த ஆண்டே, 1943-ல், நார்வேயில் யெர்முண்ட்பூ என்ற பண்ணையில் இன்னொரு தலைக்கவசம் துண்டு துண்டாகக் கிடைத்தது. இது உண்மையிலேயே வைக்கிங் காலத்தது, 10-ஆம் நூற்றாண்டின் இரும்பு. உருண்ட கவிகை, கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு காப்பு. கொம்பு இல்லை, கொம்பு பொருத்திய தடமும் இல்லை. நாஜி ராணுவம் பிடித்து வைத்திருந்த இரண்டு நாடுகளில், போருக்கு நடுவே, அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த இரண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

அப்படியானால் வைக்கிங் தலையில் கொம்பு வைத்தவர் யார்? 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்களும் நாடகக்காரர்களும்தான். 1876 ஆகஸ்டில், ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ரிச்சர்ட் வாக்னரின் நான்கு நாள் இசைநாடகமான ‘நீபெலுங்கனின் மோதிரம்’ முதன்முறையாக முழுமையாக மேடையேறியது. உடைகளை வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர், சில பாத்திரங்களுக்குக் கொம்பு வைத்த தலைக்கவசம் கொடுத்தார். வாக்னரின் மனைவி கோசிமாவுக்கு அந்த உடைகள் பிடிக்கவில்லை, நாட்குறிப்பில் குறைபட்டுக்கொண்டார். பார்வையாளர்கள் மனதில் கொம்பு தங்கிவிட்டது. 1882-ல் ஆஞ்செலோ நாய்மன் என்ற நாடகக் குழுத் தலைவர் அந்த மேடைப் பொருள்களை வாங்கிக்கொண்டு ஐரோப்பாவின் பல நகரங்களுக்குப் பயணம் போனார். அதன்பின் பாடப்புத்தகம், சிகரெட் அட்டை, கார்ட்டூன், திரைப்படம் என்று எங்கே வைக்கிங் வந்தாலும் கூடவே கொம்பும் வந்தது.

ஸ்கைரிமின் தலைக்கவசத்தை உற்றுப் பாருங்கள். கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு வாயைத் திறந்து விட்டிருக்கும் அந்த முகக்காப்பு, யெர்முண்ட்பூ பண்ணையின் இரும்பை நினைவூட்டும். மேலே நிற்கும் கொம்பு டோப்லரின் மேடையிலிருந்து வந்தது. மண்ணில் கிடைத்ததும் மனதில் பிறந்ததும் ஒரே தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ‘வரலாற்றுப் பிழை’ என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போருக்கே போகாத, கற்பனைக்கு வடிவம் கொடுப்பதற்காகவே செய்த கவசங்களுக்குத் தனி மரபு உண்டு. உலகின் மிகச் சிறந்த கொல்லர்கள் சிலர் அந்த மரபில்தான் உழைத்தார்கள்.

மிலான் நகரின் ஃபிலிப்போ நெக்ரோலி அவர்களில் முதல்வர் என்பேன். 1543-ல் அவர் செய்த தலைக்கவசம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே எஃகுத் தகட்டைப் புடைத்து எழுப்பியது. உச்சியில் ஒரு கடற்கன்னி மல்லாந்து சாய்ந்திருக்கிறாள். அவள் கைகள் பின்னால் நீண்டு, மெதூசாவின் தலைமுடியைப் பற்றியிருக்கின்றன. பித்தளையிலும் வெள்ளியிலும் இப்படிப் புடைப்பு வேலை செய்வோர் எந்த நாட்டிலும் இருப்பார்கள். எஃகு அப்படி வளைந்து கொடுக்கிற உலோகம் இல்லை. அவ்வளவு பாடுபட்டு எழுப்பிய எஃகுக்குக் கடைசியில் வெண்கலச் சாயல் வரும்படி நிறமேற்றினார். கிரேக்க, ரோமானியக் கதைநாயகர்கள் அணிந்திருப்பார்கள் என்று அக்காலத்தார் கற்பனை செய்த கவசம் அது. யாரும் கண்ணால் பார்த்திராத நாயகனுக்கு நிஜமான எஃகில் தலைக்கவசம் அடித்தார் நெக்ரோலி. இன்றைய ரசிகர் செய்வதும் அதே வேலைதான்.

கொம்பு வேண்டுமென்றால் அதற்கும் முன்னோடி உண்டு. இன்ஸ்ப்ரூக் நகரின் கான்ராட் சாய்சென்ஹோஃபர் 1511-க்கும் 1514-க்கும் இடையில் செய்த தலைக்கவசம், பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்த பரிசின் ஒரு பகுதி. மனித முகம், மூக்குக்கண்ணாடி, தாடி மயிர், மூக்கில் வழியும் சளி வரை செதுக்கியிருக்கிறார். இரு பக்கமும் சுருண்ட ஆட்டுக்கடாக் கொம்புகள். கொம்பைத் தகட்டில்தான் செய்தார். கேளிக்கை விழாக்களுக்காகச் செய்த கவசம். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு அதன் மற்ற பாகங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. தலைப்பகுதி மட்டும் பிழைத்தது. லண்டன் கோபுரத்தில் அதை அரசரின் விகடகவி வில் சோமர்ஸ் அணிந்தது என்று சொல்லிக் காட்டிவந்தார்கள். இப்போது லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்கே அது அடையாளச் சின்னம்.

திரைக்குத் திரும்புவோம். கணினிக்குள் இருக்கும் கவசத்துக்குத் தடிமன் கிடையாது. அது முக்கோண முக்கோணமாகக் கோத்த ஒரு தோல், அதன்மேல் இரும்பின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். எடை என்று ஒரு எண் உண்டு, இந்தத் தலைக்கவசத்துக்கு ஐந்து. ஐந்து என்ன என்று விளையாட்டு சொல்வதில்லை. கவசத்தை மாட்டியதும் கதாபாத்திரத்தின் முடி மறைந்துபோகும், மண்டையோடு ஒட்டிய மாதிரி கவசம் உட்காரும். தோளைத் திருப்பினால் ஒரு தகடு இன்னொரு தகட்டுக்குள் புகுந்து வெளியே வரும். விளையாட்டுக்காரர்கள் அதைக் கிளிப்பிங் என்பார்கள், பார்த்தும் பாராமல் விட்டுவிடுவார்கள். எஃகு அப்படி விடாது. வரைந்தவரின் ஒவ்வொரு கோட்டுக்கும் அது கணக்குக் கேட்கும்.

முதல் கணக்கு, தலை. ஒரு பெரியவரின் தலைச் சுற்றளவு சுமார் 58 சென்டிமீட்டர். உள்ளே மெத்தை வேண்டும், சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். அப்படியானால் கவிகையின் சுற்றளவு 67-க்கு ஏறிவிடும். கவிகை பெருத்தால் திரையில் பார்த்த கொம்பு சின்னதாகத் தெரியும், அதையும் நீட்ட வேண்டும். கண்துளைகள் கண்ணுக்கு நேராக வர வேண்டும், மூக்குக்காப்பு மூக்கில் உரசக் கூடாது. விளையாட்டின் கோப்பிலிருந்து உருவத்தை எடுத்து, ‘பெப்பகுரா’ என்ற ஜப்பானிய மென்பொருளில் விரித்துக் காகிதத்தில் அச்சிடலாம். அளவைத் திருத்தி அட்டையில் வெட்டி ஒட்டித் தலையில் மாட்டிப் பார்த்த பிறகே தகட்டில் கோடு விழ வேண்டும். அட்டை மாதிரியைச் சோம்பலில் தவிர்த்தவர்கள் பின்னால் தகட்டைக் குப்பையில் போட நேரும்.

தகடு என்றால் சாதாரண எம்.எஸ். ஷீட். கார்பன் குறைந்த இரும்பு, அதனால் குளிரிலேயே அடி வாங்கும். கடையில் 16 கேஜ் சி.ஆர். ஷீட் என்று கேட்டால் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டை மட்டும் தொடக் கூடாது. சூடுபடும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளிவிடும்.

கவிகையை இரண்டு பாதிகளாக அடித்து, உச்சியில் சேர்த்துப் பற்றவைப்பதுதான் இன்றைய வழக்கம். பழைய கொல்லர்கள் ஒரே தகட்டில் எழுப்பினார்கள், அந்த வேலைக்கு இணை கிடையாது. ஆனாலும் ஸ்கைரிம் கவசத்தின் நடுவே பட்டையான முகடு ஒன்று ஓடுவதால் இணைப்பு அதற்கடியில் மறைந்துவிடும், வடிவத்துக்குப் பங்கமில்லை. ஒரு மரக்கட்டையில் கிண்ணம் போலக் குழி வெட்டி, அதன்மேல் தகட்டை வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றுச் சுற்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு அடியிலும் தகடு அரைக் குண்டுமணி ஆழம் இறங்கும். விளிம்பு பாவாடை மாதிரி சுருங்கும். அந்தச் சுருக்கம் மடிப்பாக விழுவதற்குள் தட்டிச் சமனாக்கிவிட வேண்டும், மடிந்தால் அந்த இடம் பிறகு கிழியும். நடுப்பகுதி நீண்டு மெலியும். மெலிவு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது, விரலால் அழுத்திப் பார்த்துத்தான் உணர வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். மந்தமாக விழுந்த அடி, கூர்மையாகத் திரும்பி ஒலிக்கத் தொடங்கும், சுத்தியல் கையை உதறும். தகடு இறுகிவிட்டது என்று அர்த்தம். இனி அடித்தால் விரிசல் விடும். உலையிலோ கேஸ் டார்ச்சிலோ செம்மை ஏறும்வரை சூடாக்கி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் மறுபடி இளகும். இப்படி அடிப்பதும் ஆற்றுவதுமாகப் பல சுற்று போகும். கடைசியில் ஸ்டேக் என்று சொல்கிற உருண்டைத் தலை இரும்பு முளையின்மேல் கவிழ்த்துப் போட்டு, பளபளப்பாகத் தேய்த்த சுத்தியலால் மேடுபள்ளம் நீக்குவார்கள். இங்கே காதுதான் வழிகாட்டி. சுத்தியலுக்கும் முளைக்கும் நடுவே தகடு சரியாகச் சிக்கினால் ‘டிங்’ என்று சுத்தமாக ஒலிக்கும். அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் ‘தொப்’ என்று விழும், அந்த அடி சமப்படுத்துவதற்குப் பதிலாகப் புதுப் பள்ளம் போடும். கார் டிங்கரிங் பட்டறையில் உள்ளே டோலியைப் பிடித்து வெளியே தட்டுகிறவரின் வேலையும் இதேதான்.

இனி கொம்பு. நிஜ மாட்டுக் கொம்பைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் விளையாட்டின் பட்டியல் இரும்பும் தோலும்தான் என்கிறது, சாய்சென்ஹோஃபரும் தகட்டில்தான் செய்தார். நானும் எஃகுக் கொம்பின் கட்சி. 30 சென்டிமீட்டர் நீளம், அடியில் 7 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். கெட்டி இரும்பில் அப்படி ஒரு கூம்பு ஏறக்குறைய மூன்று கிலோ வரும். இரண்டுக்கும் ஆறு, கழுத்து தாங்காது. அதையே ஒரு மில்லிமீட்டர் தகட்டில் உள்ளீடற்றதாகச் செய்தால் ஒவ்வொன்றும் கால் கிலோவைச் சற்றே தாண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கவிகை, நெற்றிப்பட்டை, முகக்காப்பு எல்லாம் சேர்ந்து கவசம் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குள் நிற்கும்.

வளையாத கூம்பு எளிது, தகட்டைச் சுருட்டினால் முடிந்தது. வளைந்த கொம்புக்கு உள்வளைவு குட்டை, வெளிவளைவு நெட்டை. ஒவ்வொரு கொம்பையும் இரண்டு வாழைமட்டை வடிவத் துண்டுகளாக வெட்டி, தனித்தனியே வாய்க்கால் போலக் குழித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் தகடு திருகிக்கொள்ளும். பிறகு கிரைண்டர், அரம், மறுபடி முளைமேல் தட்டல். முனை நெருங்க நெருங்க உள்ளே எந்த முளையும் நுழையாது. கடைசி நாலு விரற்கடையைக் கெட்டி இரும்புக் கம்பியில் கடைந்து ஒட்டவைப்பதுதான் புத்திசாலித்தனம். இடது கொம்பும் வலது கொம்பும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும். முதல் கொம்பை எவ்வளவு ரசித்துச் செய்தாலும் இரண்டாவதில்தான் செய்பவரின் தரம் தெரியும்.

போர்க்களத்தில் கொம்பு ஏன் இல்லை என்பதும் பட்டறையில் தானாக விளங்கிவிடும். கவிகை உருண்டிருப்பதே வாள்வீச்சு வழுக்கிப் போவதற்கு. கொம்பு இருந்தால் வீச்சு அதில் மாட்டும், தலையைத் திருகும். செய்து முடித்த கவசத்தை அணிந்து சட்டென்று திரும்பிப் பார்த்தாலே போதும். தலை நின்ற பிறகும் கொம்பு நிற்க மனமில்லாமல் கழுத்தை இழுக்கும்.

பளபளப்பாக முடித்துவிட்டால் அது ஸ்கைரிம் ஆகாது. திரையில் இருப்பது அடிபட்ட, கறுத்த, பனியில் கிடந்த இரும்பு. ஆகவே நன்றாகத் தேய்த்துச் சமப்படுத்திய பிறகு, வேண்டுமென்றே வடு போட வேண்டியிருக்கிறது. இதில் பலர் கை தவறுகிறது. வடுக்கள் எங்கும் ஒரே அளவில் சிதறிக் கிடந்தால் அம்மை போட்ட மாதிரி தெரியும். நெற்றியிலும் முகட்டிலும் அதிகமாக, கொம்பின் அடியில் குறைவாக, அடி எங்கே பட்டிருக்கும் என்று யோசித்துப் போட வேண்டும். கறுப்பேற்ற ஆளிவிதை எண்ணெயைச் சூடான இரும்பில் தடவிக் கருகவிடுவார்கள். எண்ணெய் பூசாமல் வெறும் இரும்பைச் சூடாக்கினாலும் நிறம் வரும். 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா, 300-ஐ நெருங்கும்போது ஆழ்ந்த நீலம். மேட்டில் லேசாகத் தேய்த்துவிட்டால் பள்ளத்தில் கறுப்பு தங்கும், புடைப்பு எடுத்துக் காட்டும். மேலே மெழுகு. 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸை அருங்காட்சியகங்கள் நெக்ரோலி காலத்து எஃகுக்கே பயன்படுத்துகின்றன. வீட்டுக்குத் தேன்மெழுகு போதும். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் அதை மாதம் ஒருமுறை மறக்காமல் தடவ வேண்டும்.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு இந்தியாவிலேயே இடம் இருக்கிறது. உலகெங்கும் விற்கிற மாதிரிக் கவசங்களும் வாள்களும் கணிசமாக டேராடூனிலிருந்து போகின்றன. அங்குள்ள வின்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் 1943-ல் கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி செய்யத் தொடங்கிய நிறுவனம். அந்த ஊர்ப் பட்டறைகளில் தகடு அடிப்பவர்கள் வேகமாகவும் கச்சிதமாகவும் செய்வார்கள். ஆனால் ஒரே அச்சில் பல தலைகளுக்கு அடித்த கவசமும், ஒரு தலையை அளந்து அடித்த கவசமும் மாட்டிய நொடியிலேயே வேறுபட்டுவிடும். அழகுக்காகச் செய்யும் கவசத்தில்தான் இதை அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. போரில் கவசம் அணிகிறவருக்கு வேறு வழியில்லை, வலித்தாலும் பொறுத்துக்கொள்வார். விழாவில் அணிகிறவர் அரைமணி நேரத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் அவ்வளவு அடியும் வீண்.

அதனால் கடைசி வேலை உள்பக்கத்தில் நடக்கிறது. நெற்றிப்பட்டையோடு சேர்த்துத் தோலை ரிவிட் அடித்து, ஏழெட்டு நாக்குகளாக வெட்டி, உச்சியில் கயிற்றால் சுருக்கிக் கட்டுவார்கள். கயிற்றை இறுக்கினால் கவசம் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும், கண்துளை கண்ணுக்கு நேராக வரும்வரை மாற்றிக்கொள்ளலாம். தாடைப் பட்டை காதுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து வர வேண்டும், ஒற்றைப் பட்டை என்றால் கொம்பின் பாரத்தில் கவசம் முன்னால் சாயும். கொம்பைக் கவிகையோடு பற்றவைத்துவிடாமல், அடியில் விளிம்பு வைத்து உள்ளிருந்து போல்ட் போடுவதே நல்லது. துளையைச் சற்று நீளவாக்கில் விட்டால் கொம்பை ஒரு விரற்கடை முன்னே பின்னே நகர்த்தலாம். அணிந்து நடந்து, குனிந்து, படி ஏறிப் பார்த்து, கழுத்து எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்டு, கொம்பைப் பின்னுக்குத் தள்ளி முறுக்க வேண்டும். வெளியூர் அனுப்பும்போது அதே போல்ட்டைக் கழற்றினால் கொம்பு தனியாக, கவிகை தனியாகச் சாதாரண அட்டைப் பெட்டியில் அடங்கும். கூடவே ஒரு ஸ்பேனரும் வைத்து அனுப்பினால் வாங்கியவர் வீட்டில் மாட்டிக்கொள்வார்.